ஃப்ரிட்ஸ் பாலார்ட்: கோப்பை 1920-இல், மரியாதை 2005-இல்

தோல்பந்து எழுதியது:

போன வாரம் இங்கே அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கோச்சுகளைப் பற்றிப் பேச்சு ஓடியபோது, லீக்கின் முதல் கறுப்பினத் தலைமை கோச் ஆர்ட் ஷெல் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். 1989-இல் ரெய்டர்ஸ் அணிக்கு அவர் கோச் ஆனது உண்மைதான். ஆனால் அதற்கு 68 வருடம் முன்னால், 1921-இல், ஓஹையோவின் ஆக்ரன் நகரத்தில் ஒருவர் அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். அதே அணிக்கு ஓடிக்கொண்டும் இருந்திருக்கிறார். அவர் பெயர் ஃப்ரிட்ஸ் பாலார்ட். நான் ஆக்ரன் பக்கத்தில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கேயே பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது என்பதால்தான் தனி இழை.

முழுப்பெயர் ஃப்ரெடரிக் டக்ளஸ் பாலார்ட். அடிமை ஒழிப்புக்காகப் பேசிய ஃப்ரெடரிக் டக்ளஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1894 ஜனவரி 27, சிகாகோ. அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், அம்மா தையல் வேலை செய்தவர். ரோஜர்ஸ் பார்க் பகுதியில் அப்போது ஜெர்மன்காரர்கள் அதிகம். 'ஃப்ரிட்ஸ்' என்ற செல்லப்பெயர் அவர்கள் வாயிலிருந்து வந்தது. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், எடை சுமார் 75 கிலோ. இன்றைய கணக்கில் மட்டுமில்லை, அன்றைய கணக்கிலும் சின்ன உடம்புதான்.

கல்லூரி ஆட்டம் ப்ரௌன் பல்கலைக்கழகத்தில். 1915 சீசன் முடிந்ததும், 1916 ஜனவரி 1 அன்று பாசடீனாவில் வாஷிங்டன் ஸ்டேட் அணியோடு ஆடினார்கள். ரோஸ் போல் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். 1902-இல் ஒரே ஒரு முறை நடந்து நின்றுபோயிருந்ததை அந்த வருடம்தான் மறுபடி தொடங்கினார்கள். அதில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் பாலார்ட். மழை, சேறு. வெட்டி வெட்டி ஓடுகிறவனுக்குச் சேற்றில் என்ன வேலை? ப்ரௌன் 14–0 என்று தோற்றது.

அடுத்த சீசனில் அதற்கெல்லாம் சேர்த்துக் காட்டினார். 1916 நவம்பரில் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் யேலை 21–6, ஹார்வர்டை 21–0. அந்தக் காலத்தில் யேலும் ஹார்வர்டும் கல்லூரி ஆட்டத்தின் இரண்டு கோட்டைகள். இரண்டையும் ஒரே வாரத்துக்குள் இடித்த அணியின் முதுகெலும்பு இந்த மனிதர். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களை 'ஆல்-அமெரிக்கா' என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த வால்டர் கேம்ப், அந்த வருடத்து முதல் அணியில் ஹாஃப்பேக்காக (பின்வரிசையில் நின்று பந்தை வாங்கி ஓடுகிறவர்) அவரைச் சேர்த்தார். அதற்கு முன் கேம்பின் முதல் அணியில் இடம்பெற்ற கறுப்பினத்தவர் ஒரே ஒருவர்: 1890-களில் ஹார்வர்டில் சென்டராக ஆடிய வில்லியம் ஹென்றி லூயிஸ்.

அப்புறம் முதல் உலகப்போர். ராணுவ முகாமில் உடற்பயிற்சிப் பொறுப்பு, பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கோச் வேலை, 1919-இல் ஆக்ரன். மிச்சத்தைக் கேள்வி வரும்போது எழுதுகிறேன்.


பனிமலர் எழுதியது:

நான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தே இரண்டு வருடம்தான் ஆகிறது, தவறாக நினைக்காதீர்கள். ஆடுகிறவரே எப்படி கோச்சாகவும் இருக்க முடியும்? இன்றைக்கு கோச் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கிறாரே.


மணி_ஓஹையோ எழுதியது:

பனிமலர், நல்ல கேள்வி. அன்றைய ஆட்டத்தை இன்றைய டிவி ஆட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

முதலில், பதினொரு பேர் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் அதே பதினொரு பேர். பந்து நம் கையில் இருந்தால் ஓடு, எதிராளி கையில் இருந்தால் அவனைப் பிடித்துச் சாய். ஆட்டக்காரர்களை இஷ்டத்துக்கு மாற்ற விதி இடம் கொடுக்காது. கோச் வெளியே நின்று ஒவ்வொரு ஆட்ட அசைவையும் சொல்லி அனுப்புவதும் அன்றைய விதிப்படி குற்றம். மைதானத்துக்குள் இருக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் அணியிலேயே புத்திசாலி யாரோ அவரே கோச். பின்னாளில் சிகாகோ பேர்ஸ் ஆன அணியை நடத்திய ஜார்ஜ் ஹாலஸ், அன்றைய பெரிய நட்சத்திரம் ஜிம் தோர்ப் எல்லோரும் அப்படி ஆடிக்கொண்டே அணியை நடத்தியவர்கள்தான்.

இரண்டாவது, பந்து இன்றைக்கு இருப்பதைவிட உப்பலாக இருந்தது. முன்னோக்கி எறிவதை 1906-லேயே அனுமதித்துவிட்டார்கள். ஆனால் இரண்டு அணியும் எதிரெதிரே நிற்கும் கோட்டிலிருந்து ஐந்து கஜம் பின்னால் நின்றுதான் எறிய வேண்டும். தொழில்முறை லீக்கில் இது 1933 வரை இருந்தது. அதனால் ஆட்டம் முக்கால்வாசி ஓட்டம். தோல் தொப்பி போட்டால் போடலாம், போடாவிட்டால் கேட்க ஆளில்லை. லீக் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது 1943-இல். அந்த ஆட்டத்தில் 75 கிலோ ஆள் ஓடினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.


வாசகன்72 எழுதியது:

தோல்பந்து, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 1921 ஆக்ரன் அணியின் கோச் என்று எல்கி டோபின் பெயரும் பதிவில் இருக்கிறது. பாலார்ட் இணை கோச். "முதல் கறுப்பினத் தலைமை கோச்" என்று தனியாகச் சொல்வது கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகாதா? ஒருவரை உயர்த்தப் போய் வரலாற்றை வளைத்துவிடக் கூடாது.


தோல்பந்து எழுதியது:

வாசகன், இணை கோச் என்பது சரி. அதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பாலார்ட் 1919-இல் ஆக்ரனுக்கு வந்தபோது அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது பழைய பாணி. ப்ரௌனில் கற்ற ஆட்ட முறைகளை அவர்தான் கொண்டுவந்து சொல்லிக்கொடுத்தார். சில வெள்ளை ஆட்டக்காரர்கள் முறைத்தபோது, உரிமையாளர் ஃப்ராங்க் நீட், இவர் சொல்வதைக் கேட்க விருப்பமில்லாதவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். இது பாலார்டே பின்னாளில் சொன்னது, ஒருபக்கத்துச் சாட்சி என்பது எனக்குத் தெரியும். ஆனால் தாக்குதல் முழுக்க அவரைச் சுற்றியே அமைந்திருந்ததை அன்றைய ஆட்டச் செய்திகளிலேயே பார்க்கலாம்.

அதோடு கணக்கு ஆக்ரனோடு முடியவில்லை. 1922-இல் மில்வாக்கி பேட்ஜர்ஸ், பிறகு இந்தியானாவின் ஹேமண்ட் ப்ரோஸ் என்று போன இடத்திலெல்லாம் அணியை நடத்தும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. ஒரு தடவை என்றால் தற்செயல் என்று சொல்லலாம்.


மணி_ஓஹையோ எழுதியது:

1920 சாம்பியன் பட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1920 செப்டம்பரில் கான்டன் நகரத்தில் ரால்ஃப் ஹேயின் கார் விற்பனைக் கடையில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். உட்கார நாற்காலி போதாமல் கார்களின் ஃபுட்போர்டில் உட்கார்ந்தார்கள் என்பார்கள். அதுதான் இரண்டு வருடம் கழித்து என்.எஃப்.எல். என்று பெயர் மாறியது. முதல் தலைவர் ஜிம் தோர்ப். அந்த முதல் சீசனில் ஆக்ரன் ப்ரோஸ் 8 வெற்றி, 3 சமன், தோல்வி இல்லை. சீசன் முழுவதும் அவர்களுக்கு எதிராக எடுக்கப்பட்ட புள்ளிகள் ஏழு! ஒரே ஒரு டச் டவுன் (பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது), க்ளீவ்லாண்டோடு 7–7 சமனில். தோர்ப்பின் கான்டன் அணியை இரண்டு முறை புள்ளியே கொடுக்காமல் வென்றார்கள்.

ஆனால் கடைசி இரண்டு ஆட்டங்கள் சர்ச்சை. டிசம்பர் 5 பஃபலோவோடு 0–0. (அன்றுதான் ஆக்ரன் தன் ஆட்டக்காரர் பாப் நாஷைப் பஃபலோவுக்கு 300 டாலருக்கும் நுழைவுக்கட்டண வசூலில் ஒரு பங்குக்கும் விற்றது, லீக்கின் முதல் ஆட்டக்காரர் விற்பனை.) டிசம்பர் 12 சிகாகோவில் ஹாலஸின் டிகேட்டர் ஸ்டேலிஸோடு 0–0. அந்த ஆட்டத்துக்கென்றே ஹாலஸ் இன்னொரு சிகாகோ அணியிலிருந்து பேடி ட்ரிஸ்கலை வரவழைத்தார். அதுவும் போதவில்லை. டிகேட்டரும் பஃபலோவும் தாங்களே சாம்பியன் என்று சொல்லிக்கொண்டார்கள். 1921 ஏப்ரல் 30 அன்று ஆக்ரனில் கூடிய கூட்டத்தில் வாக்கெடுத்து, தோற்காத ஆக்ரனுக்கே பட்டம் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பந்து வடிவத்தில் சின்னத் தங்கப் பதக்கம். வெள்ளிக் கோப்பையும் கொடுத்தார்கள். அது எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆக, என்.எஃப்.எல். வரலாற்றின் முதல் சாம்பியன் அணியில் நட்சத்திர ஆட்டக்காரர் ஒரு கறுப்பினத்தவர். அந்த முதல் சீசனில் மொத்த லீக்கிலும் கறுப்பினத்தவர் இரண்டே பேர். இன்னொருவர் ராக் ஐலண்ட் அணியின் பாபி மார்ஷல்.


கரிசல்காரி எழுதியது:

இந்த இழையை வேலை முடிந்து வந்து ஒரே மூச்சில் படித்தேன். ஒன்று கேட்க வேண்டும். அணியின் நட்சத்திரம், கோச் எல்லாம் சரி. மைதானத்துக்குள் அவரை எப்படி நடத்தினார்கள்? அதைச் சொல்லாமல் கோப்பையை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.


தோல்பந்து எழுதியது:

எழுத மனம் கனக்கிற பகுதி அது, கரிசல்காரி. கேட்டதற்கு நன்றி.

ஆக்ரன் அப்போது ரப்பர் நகரம். குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர் ஆலைகளில் வேலை தேடித் தென் மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் வந்து குடியேறியிருந்தார்கள். அவர்களோடு இனவெறியும் வந்தது. சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிடுவார்கள் என்று பாலார்ட் சொல்லியிருக்கிறார். மற்ற ஆட்டக்காரர்களோடு உடை மாற்ற முடியாமல், நீடின் சுருட்டுக் கடையில் உடை மாற்றிக்கொண்டு, காரில் வந்து நேராக மைதானத்தில் இறங்குவாராம். தன் அணி சாம்பியன் ஆன ஊரில் இந்த நிலை.

உள்ளே இன்னும் மோசம். விழுந்த பிறகும் மேலே வந்து விழுவார்கள், மிதிப்பார்கள். அதற்கு அவர் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். கீழே விழுந்ததும் சட்டென்று மல்லாந்து புரண்டு, ஆணி வைத்த ஷூக்களை மேலே தூக்கிக் கால்களைச் சுழற்றுவார். மேலே பாய வருகிறவன் அந்த ஆணிகளைப் பார்த்து ஒதுங்கிவிடுவான். இதை அவருடைய அண்ணன்மார் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார்களாம். தம்பி ஆடப் போகிற இடம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணன் லெஸ்லி டார்ட்மத் கல்லூரிக்கு ஆடியவர்.

அவர் திருப்பி அடித்ததாக நான் எங்கும் படித்ததில்லை. அடுத்த தடவை பந்தை வாங்கி ஓடி டச் டவுன் போடுவதுதான் தன் பதில் என்று சொல்லுவார்.


பனிமலர் எழுதியது:

அண்ணன்மார் சொல்லிக்கொடுத்தது என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பால் ரோப்சன் இவரோடு ஆடியதாக எங்கோ கேட்டிருக்கிறேன். பாடகர் ரோப்சன்தானா?


மணி_ஓஹையோ எழுதியது:

அவரேதான். ரட்கர்ஸில் ஆல்-அமெரிக்கா ஆனவர். கொலம்பியாவில் சட்டம் படித்துக்கொண்டே 1921-இல் ஆக்ரனுக்கு ஆடினார், அழைத்து வந்தது பாலார்ட். 1922-இல் இருவரும் மில்வாக்கி போனார்கள். அங்கே ட்யூக் ஸ்லேட்டரும் சேர்ந்துகொண்டார். ஒரே அணியில் மூன்று கறுப்பினத்தவர்! அந்த நவம்பரில் ஜிம் தோர்ப்பின் ஊராங் இந்தியன்ஸை 13–0 என்று வென்றார்கள். இரண்டு டச் டவுனும் ரோப்சன் போட்டது. அடுத்த வருடம் படிப்பை முடித்துவிட்டு மேடைக்குப் போய்விட்டார்.


வாசகன்72 எழுதியது:

இன்னொரு சர்ச்சை. ஹேமண்டில் 1923-இல் பாலார்ட் ஆடியதை வைத்து "லீக்கின் முதல் கறுப்பின குவார்ட்டர்பேக்" (இன்றைய ஆட்டத்தில் பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துகிறவர், எறிகிறவர்) என்றும் எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. அன்றைய அமைப்பில் பந்து நேராகப் பின்னால் இருக்கும் எந்த பேக்குக்கும் போகலாம், எறிவதும் யார் வேண்டுமானாலும் எறியலாம். இன்றைய பொருளில் குவார்ட்டர்பேக் என்றால் 1953-இல் சிகாகோ பேர்ஸுக்கு ஆடிய வில்லி த்ரோவரைத்தான் சொல்ல வேண்டும்.


தோல்பந்து எழுதியது:

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். பாலார்டுக்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை. அவரிடம் இருப்பதே போதும். "முதல், முதல்" என்று அடுக்கிக்கொண்டே போனால் அவர் எப்படி ஆடினார் என்பது காணாமல் போய்விடுகிறது.


கரிசல்காரி எழுதியது:

சரி, இவ்வளவு செய்தவர் எப்படி மறைந்துபோனார்? 1926-க்குப் பிறகு அவர் பெயரே வரவில்லையே.


தோல்பந்து எழுதியது:

இதைத்தான் எழுத வேண்டும் என்று இழையே தொடங்கினேன். பெரிதாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1926-இல் லீக்கில் 22 அணிகள். அடுத்த வருடம் 12. சின்ன ஊர் அணிகள் கொட்டிப்போயின. ஆக்ரன், ஹேமண்ட் மாதிரி ஊர்களில்தான் கறுப்பினத்தவருக்கு இடம் கிடைத்துக்கொண்டிருந்தது. பெரிய நகரத்து அணிகள் மிஞ்சியபோது அந்தக் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு சில வருடம் ட்யூக் ஸ்லேட்டர் மட்டும் ஏறக்குறைய தனி ஆளாக ஆடினார். 1933-இல் கார்டினல்ஸின் ஜோ லிலார்ட், பிட்ஸ்பர்க்கின் ரே கெம்ப் என்று இரண்டு பேர். 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு வருடம் ஒருவர்கூட இல்லை.

எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் பெரும்பாலோர் முடிவு. பாஸ்டனில் தொடங்கி 1937-இல் வாஷிங்டனுக்குப் போன ரெட்ஸ்கின்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ப்ரெஸ்டன் மார்ஷல்தான் இதில் முதல் ஆள் என்பார்கள். மற்ற எல்லா அணிகளும் மாறிய பிறகும், அரசாங்கம் நெருக்கிய பிறகுதான் 1962-இல் அவர் அணியில் கறுப்பினத்தவர் ஆடினார்கள். பாலார்ட் தன் வாழ்நாள் முழுவதும் ஹாலஸையும் குற்றம் சாட்டினார். ஹாலஸ் மறுத்தார். இதில் யார் பக்கம் உண்மை என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஆனால் ஹாலஸின் அணியிலும் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை.

பாலார்ட் சும்மா இருக்கவில்லை. 1928-இல் சிகாகோவில் முழுக்கக் கறுப்பின ஆட்டக்காரர்களை வைத்து ப்ளாக் ஹாக்ஸ் என்ற அணியைக் கட்டினார். வெள்ளை அணிகளோடு ஆட வேண்டும், இரண்டு இனமும் காயப்படுத்திக்கொள்ளாமல் ஒரே மைதானத்தில் ஆட முடியும் என்று காட்ட வேண்டும் என்பது நோக்கம். 1930-களின் பொருளாதார நெருக்கடியில் அது கரைந்தது. அவர் நடத்திய முதலீட்டு நிறுவனமும் அதே நெருக்கடியில் திவாலானது. பிறகு 1935 முதல் 1937 வரை ஹார்லமில் ப்ரௌன் பாம்பர்ஸ் அணிக்கு கோச். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் பட்டப்பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. கல்லூரியில் ஜொலித்தும் லீக்கில் இடம் கிடைக்காத பிள்ளைகளை அங்கே சேர்த்தார். நியூயார்க்கில் ஒரு கறுப்பினச் செய்தித்தாளும் நடத்தினார்.

1946-இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியது. பொதுப்பணத்தில் கட்டிய கொலீஸியம் மைதானம் வேண்டுமென்றால் கறுப்பினத்தவரையும் சேருங்கள் என்று அங்கிருந்த கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடாமல் நின்றார்கள். கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் உள்ளே வந்தார்கள். அப்போது பாலார்டுக்கு 52 வயது.


மணி_ஓஹையோ எழுதியது:

மறைந்துபோனதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். லீக் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் வைக்க ஆரம்பித்ததே 1932-இல். பாலார்ட் எத்தனை கஜம் ஓடினார் என்று அதிகாரபூர்வமான எண் எதுவும் கிடையாது. பழைய செய்தித்தாள்களைப் புரட்டித்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். பின்னாளில் ஓட்டத்தில் பெயர் வாங்கிய ஜிம் ப்ரௌனையோ வால்டர் பேட்டனையோ எண்ணால் நினைவு வைத்துக்கொள்கிறோம். எண் இல்லாதவரை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்?


வாசகன்72 எழுதியது:

எண் இல்லாமைதான் காரணம் என்றால் தோர்ப்புக்கும் எண் இல்லையே. அவரை 1963-இல் கான்டனில் ஹால் ஆஃப் ஃபேம் (ஆட்டத்தின் பெரிய ஆட்களுக்கான புகழ் மன்றம்) திறந்த அன்றே முதல் குழுவில் சேர்த்தார்களே. அதே முதல் குழுவில் ஹாலஸ் இருக்கிறார். ஜார்ஜ் ப்ரெஸ்டன் மார்ஷலும் இருக்கிறார். பாலார்ட் உள்ளே போனது 2005-இல். நாற்பத்திரண்டு வருடம்.

நான் இந்த இழையில் எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவன். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் எதிர்க்கேள்வி இல்லை. கதவைச் சாத்தியவரை உள்ளே வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்றவரைக் காக்க வைத்திருக்கிறார்கள்.


தோல்பந்து எழுதியது:

வாசகன், உங்களிடமிருந்து இது வந்ததில் மனம் நிறைந்தது.

கல்லூரி ஆட்டத்துக்கான ஹால் ஆஃப் ஃபேம் 1954-லேயே அவரைச் சேர்த்துவிட்டது. தொழில்முறைப் பக்கம்தான் தாமதம். 1986 மே 11 அன்று மேரிலாந்தில் 92-ஆவது வயதில் காலமானார். இரண்டாவதாக ஒரு கறுப்பினத்தவர் தலைமை கோச் ஆனதை அவர் பார்க்கவில்லை.


கரிசல்காரி எழுதியது:

நான் அவர் குடும்பத்தைத் தேடிப் படித்தேன், அதையும் இங்கே வைக்கிறேன். அக்கா நவோமி, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். மகன் ஃப்ரிட்ஸ் பாலார்ட் ஜூனியர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியிருக்கிறார். ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வாங்கிய அதே ஒலிம்பிக். மகன் அமெரிக்கக் கொடிக்காகப் பதக்கம் வாங்கிய அந்த வருடம், அப்பா லீக்குக்கு வெளியே ஹார்லமில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.


பனிமலர் எழுதியது:

அடுத்த மாதம் அண்ணன் வீட்டுக்கு க்ளீவ்லாண்ட் போகிறேன். கான்டன் ஹால் ஆஃப் ஃபேம் பக்கம்தான் என்றார்கள். அங்கே இவர் சிலையை எப்படிக் கண்டுபிடிப்பது?


மணி_ஓஹையோ எழுதியது:

காரில் ஒரு மணி நேரம்தான். வெண்கலத் தலைச்சிலைகள் எல்லாம் சேர்க்கப்பட்ட வருட வரிசையில் இருக்கும், அதனால் 2005-ஐத் தேடுங்கள். அந்த வருடம் நான்கு பேர்: டான் மரினோ, ஸ்டீவ் யங், பென்னி ஃப்ரீட்மன், பாலார்ட். நான் போனபோது மரினோ முன்னால் படம் எடுக்க வரிசை நின்றது. அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். போகிற வழியில் ஆக்ரனும் வரும். தோல்பந்து வீட்டில் இருந்தால் நிறுத்திவிட்டுப் போங்கள்.


தோல்பந்து எழுதியது:

கட்டாயம் வாருங்கள் பனிமலர். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் கூடவே கான்டன் வருகிறேன்.